மதியம் தூங்காத போன்

“நான் வீட்டுலதான் இருந்தேன். எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.”

நர்ஸம்மா அழவில்லை. அழுது முடித்தவர்கள் உட்காரும் மாதிரி உட்கார்ந்திருந்தார். கைப்பை மடியில் நின்றது. அதன் வாரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்ட பஸ் பயணி போல.

மேசைக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் மேடம். வீட்டோடு முடங்கிய நோயாளிகளைக் கவனிக்க ஆள் அனுப்பும் ஏஜென்சி அவருடைய பொறுப்பு. அவர் ஒரு தாளைத் திருப்பி ஆமையின் பக்கம் தள்ளினார்.

ஆமை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை வேலை பார்த்தபோது, எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே வரமாட்டான் என்று அங்கிருந்தவர்கள் வைத்தது. தனியாகத் துப்பறியும் தொழில் தொடங்கியபோது பெயரும் பின்னாலேயே ஊர்ந்து வந்துவிட்டது. நெடுநாள் படுக்கையில் கிடந்த மனைவி போன பிறகு இன்னும் பொருத்தமாகிவிட்டது. அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. எதிலும் பெரிதாக வருத்தம் இல்லை. அலுப்புதான்.

தாளில் ஒரு நீளக் கோடு. கோட்டின் மேல் எறும்பு வரிசை போலப் புள்ளிகள். நடுவில் எறும்புகள் காணாமல் போயிருந்தன. அந்த வெற்றிடத்துக்குச் சிவப்பு அடித்து, மேலே ‘ஆப்சென்ட்’ என்று போட்டிருந்தது.

“எங்க ஆளுங்க எல்லார் போன்லயும் எங்க ஆப் இருக்கு,” என்றார் மேடம். “கால் மணிக்கு ஒரு தடவை ‘இங்கே இருக்கேன்’னு அதுவா ஒரு புள்ளி வைக்கும். யாரும் எதையும் அமுக்க வேண்டாம். புதன்கிழமை மத்தியானம் பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல புள்ளியே இல்லை. அந்த நேரத்துலதான் இவங்க பார்த்துக்கிட்டிருந்த அந்த அம்மா கட்டில்லேர்ந்து விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு.”

“அவங்களையே கேட்டா என்ன?”

“பக்கவாதம். பேச்சு வராது.”

“மகன் என்ன சொல்றார்?”

“அவர் தன் ரூம்ல தூங்கிட்டு இருந்தாராம். பார்த்துக்க வேண்டியது நர்ஸ். நர்ஸ் போனை அணைச்சிட்டு எங்கேயோ போயிட்டாங்க.”

“நான் எதையும் அணைக்கலை,” என்றார் நர்ஸம்மா. “அதை எப்படி அணைக்கறதுன்னே எனக்குச் சரியாத் தெரியாது. அந்தத் தம்பிதான் சொன்னாரு, ‘அம்மாகிட்ட நான் உக்காந்துக்கறேன், நீங்க மாடிக்குப் போய்க் கம்பளி, பெட்ஷீட்டெல்லாம் துவைச்சுக் காயப்போட்டுட்டு மெதுவா வாங்க’ன்னு. இறங்கி வந்தா அம்மா கீழே கிடக்கறாங்க. கத்தறேன், யாரும் இல்லை. அப்புறம்தான் அவர் வாசல் பக்கத்துலேர்ந்து ஓடி வந்தாரு.”

“வாசல் பக்கத்துலயா, ரூம்லேர்ந்தா?”

“ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான். ஆனா செருப்புப் போட்டிருந்தாரு.”

மேடம் பெருமூச்சு விட்டார். “அந்தக் குடும்பம் திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கறேன்னிருக்கு. இவங்கதான் தப்பு பண்ணாங்கன்னு நாங்களே எழுதிக் குடுத்தா இவங்க மேல மட்டும் போலீஸ். இல்லைன்னா ஏஜென்சி மேலயும் சேர்த்து. நீங்க விசாரிச்சதா ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். நாளைக்கே முடிச்சிடலாம்.”

ஆமையின் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “ரப்பர் ஸ்டாம்ப் செய்யற கடை ரெண்டு தெரு தள்ளி இருக்கு மேடம். எங்களைவிட மலிவு.”

அவள் பெயர் ஸ்க்ரூ. போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள். கொண்டையில் ஊசிக்குப் பதிலாக ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பாள். ஆமையின் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் அதை அவள் எடுக்கவில்லை. கடைப் பழக்கத்தையும் விடவில்லை. எதைக் கண்டாலும் திறந்து பார்க்க வேண்டும்.

நர்ஸம்மா ஆமையை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, ஜெயிலு கியிலு கூட அப்புறம். இப்படி ஒரு பேரு வந்துட்டா இனி எந்த வீட்டுலயும் என்னைப் படியேற விடமாட்டாங்க. எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும்.”

ஆமை தாளை மடித்தான். “இந்த ஆப்பை எழுதினது யாரு?”

*

டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ரப்பர் வாசனை படியேறி வந்து கூடவே உட்கார்ந்தது. ஆப்காரருக்குக் கண்ணுக்குக் கீழே இன்னொரு ஜோடிக் கண் போலக் கருவளையம். மேடத்துக்குப் போன் போட்டு அனுமதி கேட்டுவிட்டுத்தான் பேசவே தொடங்கினார்.

“என் ஆப் எந்நேரமும் முழிச்சிட்டு இருக்கும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. அப்படி இருந்தா சாயங்காலத்துக்குள்ள சார்ஜ் போயிடும். ‘கால் மணிக்கு ஒரு தடவை என்னை எழுப்பி விடு’ன்னு போன்கிட்ட சொல்லிட்டு அது படுத்துடும். எழுப்பினா ஒரு புள்ளி வெச்சிட்டு மறுபடி படுக்கும்.”

“அடுத்த ஜென்மத்துல ஆப்பாப் பொறக்கணும்,” என்றாள் ஸ்க்ரூ.

“எழுப்பலைன்னா?” என்றான் ஆமை.

ஆப்காரர் அவனைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார். “மூணு வருஷமா இந்த ஆப் ஓடுது. இந்தக் கேள்வியை இப்பத்தான் ஒருத்தர் கேக்கறார். சார், நான் போன்கிட்ட சொல்றது கட்டளை இல்லை, வேண்டுதல். எப்ப எழுப்பறதுன்னு முடிவு பண்றது போன். அதுக்குப் பேட்டரியை மிச்சம் பிடிக்கணும். சார்ஜ்ல இருந்தா கவலை இல்லை, சொன்ன நேரத்துக்கு எழுப்பும். சட்டைப் பையில ஆடிக்கிட்டே இருந்தாலும் ஏறக்குறைய எழுப்பிடும். ஆனா திரை அணைஞ்சு, சார்ஜும் இல்லாம, அசையாம ஒரே இடத்துல கிடக்குதுன்னு வைங்க. ‘யாருக்கும் இப்ப நான் வேண்டாம் போல’ன்னு போனே தூங்கிடும்.”

“தூங்கினா?”

“எல்லா ஆப்பையும் வாசல்ல நிறுத்தி வெச்சிடும். எப்பவாவது ஒரு தடவை கண்ணைத் திறந்து, ‘உங்க வேலையையெல்லாம் இப்ப முடிச்சுக்கோங்க’ன்னு மொத்தமா வழி விடும். மறுபடி தூக்கம். கிடக்கக் கிடக்க அந்த இடைவெளி நீண்டுக்கிட்டே போகும்.”

“தவறவிட்ட புள்ளியெல்லாம் அப்புறம் சேர்ந்து வருமா?” என்றாள் ஸ்க்ரூ.

“வராது. எழுந்ததும் எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு வைக்கும்.”

“பத்து நாள் லீவு போட்டுட்டு ஒரே கையெழுத்து. எனக்குத் தெரிஞ்ச ஆபீஸ் ஒண்ணு இருக்கு.”

“இதை ஏஜென்சிக்குச் சொல்லலையா?” என்றான் ஆமை.

“சொன்னேன். ‘இடைவெளின்னா ஆள் இல்லைன்னு அர்த்தம் பண்ணாதீங்க, போன் அசையலைன்னுதான் அர்த்தம்’னு சொன்னேன். ‘அதெல்லாம் வேண்டாம், சிவப்பு அடிச்சுக் காட்டுங்க’ன்னாங்க. அடிச்சேன்.” அவர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். “வீட்டு வாடகை நானும் குடுக்கணுமே.”

ஆமை மடித்த தாளை எடுத்தான். “இது புதன்கிழமை. மத்த நாளெல்லாம் இருக்கா?”

மேடம் விபத்து நடந்த நாளை மட்டும்தான் அச்சடித்துப் பார்த்திருந்தார். ஆப்காரர் எல்லா நாளையும் திரையில் வரிசையாகக் கொண்டு வந்தார். ஸ்க்ரூ குனிந்து பார்த்து ஒரு விசில் அடித்தாள்.

செவ்வாயும் சிவப்பு. திங்களும் சிவப்பு. போன வாரம் முழுவதும் சிவப்பு. அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து காலையில் கொஞ்சம் புள்ளி, அப்புறம் பொட்டல் காடு, சாயங்காலம் கிளம்பும்போது திரும்பப் புள்ளி.

“அப்போ நர்ஸம்மா தினமும் ஓடிப்போய்த் தினமும் திரும்பி வந்திருக்காங்க,” என்றாள் ஸ்க்ரூ. “மராத்தான்ல சேர்த்து விடலாம்.”

“இதுக்கு முன்னாடி வேலை பார்த்த வீடு?”

இன்னும் மேலே தள்ளினார். அங்கே வரிசை பிசகாத எறும்புகள், விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை.

ஆமை நாற்காலியில் சாய்ந்தான். அதே ஆள், அதே போன், அதே வேலை. அந்த வீட்டில் போன் தூங்கவில்லை. இந்த வீட்டில் தூங்குகிறது. ஏன்?

“இன்னொண்ணு. அந்தக் குடும்பத்து ஆளுங்க போன்லயும் உங்க ஆப் இருக்குமா?”

“குடும்பத்துக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. நர்ஸ் ஏதாவது குறிப்புப் போட்டாங்களான்னு அதுவும் கால் மணிக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கும். அது இருக்கிற இடத்தைச் சொல்லாது. வந்த நேரமும் அப்ப பேட்டரி எவ்வளவுங்கறதும் மட்டும் எங்ககிட்ட இருக்கும்.”

“மகனோடதை எடுங்க. ஒரு வாரத்துக்கு.”

அச்சில் வந்த தாளை ஆமை வெகுநேரம் பார்த்தான். பிறகு மடித்து உள்பையில் வைத்தான்.

“என்ன அண்ணே?”

“ஒண்ணுமில்லை. தூக்கம் வருது.”

“கேஸே அதுதானே,” என்றாள் ஸ்க்ரூ. கிளம்பும் முன் சோதனைக்கு என்று சொல்லி அவள் போனிலும் அவன் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக்கொண்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வதும் ஒரு வேலைதானே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒன்றும் நடக்கவில்லை.

*

திங்கட்கிழமை மதியம் கதவைத் திறந்தது மருமகள். ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். விடுப்பு எடுத்திருந்தாள். ஸ்க்ரூ உள்ளே கால் வைக்குமுன் அவள் கை குறுக்கே நீண்டது.

“போனை இதுல போட்டுடுங்க.”

செருப்பு வைக்கும் அலமாரிக்கு மேலே ஒரு மரப்பெட்டி. உள்ளே தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்து, கீறல் விழாமல் இருக்கத் துணி தைத்துப் போட்டிருந்தது.

“பாஸ்போர்ட்டும் போடணுமா மேடம்?”

“வெளியாள் யார் வந்தாலும் இதான் எங்க வழக்கம். முன்னாடி ஒரு பொண்ணு வந்தா. அத்தைக்குத் தண்ணி வேணும்னு கையாட்டிட்டு இருக்காங்க, அவ வீடியோ பார்த்துச் சிரிச்சிட்டு இருக்கா. அன்னைக்கே இந்தப் பெட்டியைச் செய்யச் சொன்னேன்.”

“உங்க வீட்டுக்காரர் போனும் இதுலதானா?” என்றான் ஆமை.

“அவர் ஏன் போடணும்? அவர் வீட்டு ஆளு.”

ஆமை தன் போனைப் பெட்டியின் ஓர் அறைக்குள் வைத்தான். மெத்தென்ற துணி. பக்கத்தில் பிளக் இல்லை. காற்றுக்கூட ஆட்டாது. ஒரு போனைத் தூங்க வைக்க இதைவிட நல்ல தொட்டில் கிடைக்காது. நிமிர்ந்தபோது ஸ்க்ரூவின் கண் அவனுக்காகக் காத்திருந்தது. அவள் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

நோயாளியின் அறையில் கட்டில் காலி; அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கட்டிலின் பக்கக் கம்பி இறக்கிவிட்டபடியே கிடந்தது. ரப்பர் விரிப்பு, குவளைக்குள் நிற்கும் ஸ்பூன், மாத்திரை அட்டைகள், யாரும் கேட்காத ரேடியோ. இந்த அறையை ஆமைக்குத் தெரியும். வேறு வீடு, வேறு கட்டில். அங்கேயும் ஸ்பூன் குவளைக்குள்தான் நிற்கும்.

மூலையில் உட்கார்ந்திருந்த மகன் எழுந்து நின்றான். ஆமையின் வயதுதான் இருக்கும். தாடி வளர்த்தது அல்ல, வளர்ந்தது. அம்மாவுக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டவன் அவன். பகலில்தான் நர்ஸ், இரவெல்லாம் அவன். மின்விசிறியைப் போட எழுந்தவன் பாதி வழியில் எதற்கு எழுந்தோம் என்று மறந்து அப்படியே நின்றான்.

“புதன்கிழமை மத்தியானம்…”

“சொல்லியாச்சே. தூங்கிட்டு இருந்தேன். சாப்பிட்டுட்டுப் படுத்தேன், நர்ஸோட சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.”

“போன் எங்க இருந்துச்சு?”

“தலைமாட்டுல.”

“சார்ஜ் போட்டிருந்தீங்களா?”

“இல்ல. அந்த ரூம்ல பிளக் வேலை செய்யலை. ஒரு மாசமா ஆளைக் கூப்பிடணும்னு இருக்கேன்.”

“நடுவுல எடுத்துப் பார்த்தீங்களா?”

“தூங்கறவன் எப்படிங்க பார்ப்பான்?”

“வேற யாராவது எடுத்திருப்பாங்களோ?”

“யார் எடுப்பா? கதவைச் சாத்திட்டுத்தான் படுத்தேன்.” அவன் குரல் லேசாக ஏறியது. “நீங்க நர்ஸை விசாரிக்க வந்தீங்களா, என் போனையா?”

“ரெண்டையும்தான் சார்,” என்றாள் ஸ்க்ரூ. “ஒண்ணு விசாரிச்சா ஒண்ணு இலவசம்.”

அழைப்பு மணி அடித்தது. மேடமும் நர்ஸம்மாவும். மருமகள் கதவைத் திறந்தாள். நர்ஸம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி வழிவிட்டாள். மேடம் விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார். நர்ஸம்மா மட்டும் வாசலில் நின்று, கைப்பையைத் திறந்து, போனை எடுத்து, பெட்டியின் இரண்டாவது அறையில் வைத்துவிட்டு வந்தார்.

ஆமை அதற்காகத்தான் காத்திருந்தான்.

“நர்ஸம்மா, இப்ப என்ன செஞ்சீங்க?”

அவர் திகைத்தார். “என்ன செஞ்சேன்?”

“வாசல்ல.”

“ஓ. போனைப் பெட்டியில போட்டேன். இந்த வீட்டுல அப்படித்தானே.”

“வேலைக்கு வந்த முதல் நாள்லேர்ந்தா?”

“ஆமா. சாயங்காலம் கிளம்பும்போது எடுத்துப்பேன். அதான் சொன்னேனே, நான் எதையும் அணைக்கலைன்னு.”

ஆமை மேடத்தின் பக்கம் திரும்பினான். “நீங்க போனை ஆளோட மூக்கணாங்கயிறுன்னு நெனைச்சீங்க. போன் ஆளைக் காட்டாது மேடம். தான் கிடந்ததா, நடந்ததா, அதைத்தான் காட்டும். அசையாமக் கிடக்கிற போன் தூங்கிடும். தூங்கற போன்ல உங்க ஆப் புள்ளி வைக்காது. முந்தின வீட்டுல போன் இவங்க மடியிலயே இருந்துச்சு, ஒரு புள்ளி பிசகலை. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து தினமும் சிவப்பு. நீங்க ஒரு நாளை மட்டும் எடுத்துப் பார்த்தீங்க.”

“அப்போ அந்த இடைவெளி…” மருமகள் பெட்டியைப் பார்த்தாள்.

“நீங்க சொன்னதை இவங்க கேட்டாங்க. அந்த இடைவெளிக்கு அவ்வளவுதான் அர்த்தம்.”

மேடம் தன் தாளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

“சரி,” என்றான் மகன். வேகமாகத்தான் சொன்னான். “போன் பெட்டியில இருந்துச்சு. ஒத்துக்கறேன். அதனால ஆள் வீட்டுல இருந்தாங்கன்னு ஆயிடுமா? பெட்டியில போட்டுட்டு வெளியே போயிருக்கலாமே?”

“போயிருக்கலாம்,” என்றான் ஆமை. “அதை இவங்க போன் சொல்லாது.”

நர்ஸம்மாவின் முகம் வாடியது. ஸ்க்ரூகூட அவனை முறைத்தாள்.

ஆமை உள்பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்தான். வெற்றிக்களை ஒன்றும் அவன் முகத்தில் இல்லை. பஸ் டிக்கெட்டைத் தேடி எடுத்தவன் மாதிரி இருந்தான்.

“இது உங்க போன் சார். குடும்பத்துக்கான ஆப், அதுவும் கால் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும். நீங்க படுத்தா இதுவும் தூங்கும். பாருங்க, விடியற்காலையில எல்லாம் பெரிய பெரிய இடைவெளி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தூங்கியிருக்கீங்க, போனும் தூங்கியிருக்கு.” விரல் கீழே இறங்கியது. “புதன்கிழமை மத்தியானம். கால் மணிக்கு ஒண்ணு, கால் மணிக்கு ஒண்ணு. ஒரு புள்ளிகூடத் தப்பலை. சார்ஜ்ல இருந்தா இப்படி வரும். ஆனா பேட்டரி படிப்படியா இறங்கிட்டே வருது, சார்ஜ்ல இல்லைன்னு நீங்களும் சொல்றீங்க. கையில எடுக்கலைன்னும் சொல்றீங்க.”

ஆமை தாளை மகன் பக்கம் நீட்டினான்.

“நீங்க தூங்கினீங்க சார். உங்க போன் ஏன் தூங்கலை?”

மகன் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தான். தலைகீழாகப் பிடித்திருந்தான். அது அவனுக்கும் தெரியவில்லை.

“பாக்கெட்டுல இருந்துச்சு,” என்றான் கடைசியில்.

“எங்க போனீங்க?” என்றாள் மருமகள்.

“எங்கயும் போகலை.”

“யாரைப் பார்க்கப் போனீங்க?”

“யாரையும் பார்க்கலை. வண்டியை எடுத்தேன். கடை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்னுதான். கடை வந்துச்சு. நிறுத்தலை. பெரிய ரோடு வந்துச்சு. நேராப் போனேன். ஒரு பெட்ரோல் பங்க் வந்துச்சு, இங்க திரும்பிடணும்னு நெனைச்சேன். திரும்பலை. அடுத்த பங்க் வந்துச்சு.” அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “அம்மா தூங்கிட்டு இருந்தாங்க. அஞ்சு நிமிஷம்னுதான் நெனைச்சேன். கம்பியை ஏத்திவிட மறந்துட்டேன்.”

ஸ்க்ரூவின் வாயில் ஒரு வார்த்தை வந்து, வெளியே வராமல் திரும்பிப் போனது.

“திரும்பி வரும்போது,” என்றான் ஆமை, “கடைசித் திருப்பத்துல வண்டியை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்னீங்களா?”

மகன் சட்டென்று நிமிர்ந்தான். “அதையும் போன் சொல்லுதா?”

“இல்லை.”

ஆமை தாளை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தான். ஒரு மடிப்புக்குப் பதில் நாலு மடிப்பு மடித்தான்.

“உள்ளே ஓடி வந்தா அம்மா கீழே கிடக்கறாங்க,” என்றான் மகன். “நர்ஸம்மா, ‘எங்க போனீங்க, எங்க போனீங்க’ன்னு கத்தறாங்க. தூங்கிட்டேன்னு வாயில வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில இவ கேட்டா, அதையே சொன்னேன். மறுநாள் மேடம் அந்தச் சிவப்புத் தாளைக் கொண்டு வந்து காட்டறாங்க. நான் சொன்ன பொய்க்கு அத்தாட்சி அதுவா வந்து நிக்குது. அதுக்கப்புறம் எப்படிங்க வாயைத் திறக்கறது?”

“பழி ஓரிடம், பாவம் ஓரிடம்,” என்றார் மேடம், யாரைப் பார்த்தும் இல்லாமல். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்னவோ.

மருமகள் காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “முடியலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை…”

“நீ வரும்போதே பாதி செத்துத்தானே வர்றே. உன்கிட்ட எதைச் சொல்ல?”

மருமகள் எழுந்து வாசலுக்குப் போனாள். பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, உள்ளே இருந்த போன்களை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து கொடுத்தாள். நர்ஸம்மாவின் போனைக் கொடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது.

“மன்னிச்சிடுங்க,” என்றாள்.

நர்ஸம்மா போனை வாங்கிக்கொண்டார். மருமகளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே தம்பி. துணி எங்க ஓடிடப் போகுது? நாளைக்குத் துவைச்சிருப்பேன்.”

அதுவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அப்போதுதான் உடைந்தான். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. யாரும் பக்கத்தில் போகவில்லை. போக வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது.

மேடம் தொண்டையைக் கனைத்தார். “சார், போலீஸ் விஷயம்…”

“நானே வந்து எழுதித் தர்றேன் மேடம்,” என்றான் மகன். “என்ன நடந்துச்சோ அதை எழுதித் தர்றேன்.”

“ஆஸ்பத்திரியில ராத்திரி யார் இருக்கா?” என்றார் நர்ஸம்மா.

“நான்தான்.”

“புதன்கிழமையிலேர்ந்தா?”

அவன் தலையசைத்தான்.

“இன்னைக்கு நான் இருக்கேன். நீங்க படுத்துத் தூங்குங்க.” கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். “ராத்திரி டியூட்டிக்குச் சம்பளம் வேற, மேடம் சொல்வாங்க. அப்புறம் ஒண்ணு. போன் என் மடியிலதான் இருக்கும்.”

மேடத்தின் போன் மெல்லச் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். அந்த வீட்டிலிருந்து, அந்த நேரத்துக்கு, நர்ஸம்மாவின் போன் வைத்த ஒரே ஒரு புள்ளி.

*

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. ஸ்க்ரூ வரும் வழியெல்லாம் பேசவில்லை. அவளுக்கு அது உண்ணாவிரதம் மாதிரி. கடைசியில் தாங்கவில்லை.

“அண்ணே, பெரிய துப்பறிவாளர்தான் நீங்க. ஆனா கடைசித் திருப்பத்துல நின்ன விஷயம் எந்தத் தாள்லயும் இல்லையே.”

“இல்லை.”

“அப்புறம் எப்படி?”

ஆமை ரோட்டைப் பார்த்தான். பஸ் வரவில்லை.

அவள் மேலே கேட்கவில்லை. தன் போனை எடுத்துச் சோதனைக்குப் போட்ட ஆப்பைத் திறந்தாள். “பாருங்க, இது என்னோட ஞாயித்துக்கிழமை. ஒரே எறும்புப் புத்து. அக்கா பசங்க போனைப் பிடுங்கிட்டு வீடு பூரா ஓடிட்டு இருந்தானுங்க. இது உங்களோடது…”

நிறுத்தினாள்.

காலையில் ஒரு புள்ளி. சாயங்காலத்தை ஒட்டி ஒன்று. நடுவில் நீளமாகச் சிவப்பு.

“வெளியூர் போயிருந்தீங்களா?” என்றாள். கேட்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

“வீட்டுலதான் இருந்தேன்.”

ஒரு லாரி போனது. அதன் பின்னால் தூசி போனது. ஸ்க்ரூ கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகினாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

“ஆப்காரர் ஏமாத்துறார் அண்ணே. ஓடு கனமா இருந்தா சிக்னல் வராதுன்னு அவர் சொல்லவே இல்லை.” பிறகு அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “அடுத்த ஞாயித்துக்கிழமை பசங்களைக் கூட்டிட்டு வர்றேன். ஒரு மணி நேரம் போனை அவனுங்ககிட்ட குடுங்க. உடைஞ்சா நானே சரி பண்ணித் தர்றேன்.”

பஸ் வந்தது. நிற்குமா நிற்காதா என்று யோசித்து, நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது.

“அண்ணே, ஓடணும்!”

ஆமை கையில் இருந்த போனைப் பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.